சத்திரமும் சபையும்: ஒரு வட்டாரத்தின் உள்ளாட்சி வரலாறு நமக்குச் சொல்வது

திண்டுக்கல்லிலிருந்து பழனி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒட்டன்சத்திரத்திற்கு முன்னதாக அமைந்திருக்கும் ஊர் ரெட்டியார்சத்திரம். அடுத்தடுத்து அமைந்த இவ்விரு ஊர்களின் பெயரிலும் சத்திரம் இருப்பது தற்செயலன்று. பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்தில் இச்சாலை வழியே நடந்தும் வண்டி கட்டியும் சென்றோர் இரவு தங்கவும், நீர் அருந்தவும், உணவு கொள்ளவும் செல்வர் சிலர் அறநோக்கோடு எழுப்பிய கட்டடங்களே சத்திரங்கள். அவற்றைச் சுற்றிக் கடைகள் தோன்றின. கடைகளைச் சுற்றி வீடுகள் தோன்றின. கட்டியவரின் பெயரோ குடிப்பெயரோ ஊரின் பெயராயிற்று. இன்றோ ரெட்டியார்சத்திரம் என்றால் அவ்வட்டாரத்து மக்களின் நினைவுக்கு முதலில் வருவது ஊராட்சி ஒன்றிய அலுவலகமாகும். திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் இது ஒன்று. 24 ஊராட்சிகள் இதன்கீழ் அடங்கும்.

சத்திரம் இருந்த ஊர் ஒன்றியத் தலைமையிடமாக ஆனது எவ்வாறு? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், நமது ஊர்களின் பள்ளிக்கூடங்கள் யாருடைய பொறுப்பில் எவ்வாறு வந்தன என்பதும், அப்பொறுப்பில் நமக்கு எத்தகைய பங்கு இருந்தது, இருக்கிறது என்பதும் தெளிவாகும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

பழைய சபைகள்

ஊர்க் காரியங்களை ஊரார் கூடி முடிவு செய்யும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளி மாணவரும் அறிவர். குடவோலை முறையில் வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை விரிவாகக் கூறுகின்றன. அச்சபை எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையோரே அதில் இடம்பெற இயலும். ஆயினும் அவ்விதிகளுள் ஒன்று இன்றைக்கும் கருதத்தக்கது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரத் தகுதியற்றவர் என்பது அது. பொதுப்பணத்தைக் கையாள்பவர் ஊரார் முன் கணக்கை வைத்தாக வேண்டும் என்னும் நெறி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

அதற்கும் முற்பட்டது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849இல் வழங்கப்பட்ட இச்செப்பேட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய வணிகக் குழுக்கள் குறிக்கப்படுகின்றன. மேலை ஆசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழுவே அஞ்சுவண்ணம் என்பது ஆய்வாளர் கொள்கை. செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களுள் கூஃபி வடிவ அரபு எழுத்தில் அமைந்தவையும் உள்ளன. பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீகத்திலும் பிறர் கையொப்பமிட்டிருக்கின்றனர். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட கொடைக்கு முஸ்லிம்கள் சாட்சியாக நின்றனர் என்பதே இதன் பொருள். ஊர்ப் பொதுக்காரியம் நடந்த இடத்தில் நம் முன்னோர் இருந்தனர்; இருந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்தும் இட்டனர். இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேற்செல்வோம்.

ஒரே சட்டத்தின் கீழ் இருந்தவை

திண்டுக்கல் சீமையின் அண்மைக்கால வரலாற்றில் 1755ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டில் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலீ இங்குப் படைத்தலைவராக வந்தார். அவருடைய குடும்பத்தாரின் நினைவைத் திண்டுக்கல்லின் பேகம்பூர் இன்றும் தாங்கி நிற்கிறது. 1790இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சீமை முழுவதும் கம்பெனிக்குச் சேர்ந்தது.

கம்பெனி ஆட்சி நிலைகொண்டபின், அறக்கொடைகளை என்செய்வது என்ற வினா எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு விடை கூறியது. பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் விடப்பட்ட மானியங்களையும், பாலங்கள் சத்திரங்கள் ஆகியவற்றின் பராமரிப்பையும் அச்சட்டம் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. அதாவது, பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் சத்திரமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மக்கள் நலனுக்காக மக்கள் விட்ட பொதுச்சொத்து.

நமது மரபிலும் அவை வேறுவேறாகக் கருதப்பட்டதில்லை. வக்ஃப் என்றவுடன் இன்று நம்முள் பலருக்குப் பள்ளிவாசலும் கபரஸ்தானும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பாக்தாதிலும் வழிப்போக்கர் விடுதிக்கும், நீர்த்தொட்டிக்கும், மருத்துவமனைக்கும், மதரஸாவுக்கும் வக்ஃப் விடப்பட்டதை வரலாறு நிறையப் பதிவு செய்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரை வழியே சென்ற இப்னு பதூதா, சாலையோரத்தில் சிறு இடைவெளிதோறும் பலகைகள் இட்ட கூடங்களும் அவற்றின் அருகே கிணறுகளும் இருந்ததையும், எல்லாச் சமயத்தாரும் அங்கு அமர்ந்து இளைப்பாறியதையும் கண்டு எழுதினார். நம் சத்திரமும் அதே நோக்கத்தின் இன்னொரு வடிவமே.

இந்த ஒருமை 1863இல் பிரிந்தது. அவ்வாண்டின் இருபதாம் சட்டம், சமய நிறுவனங்களின் நிர்வாகத்திலிருந்து அரசு விலகிக்கொள்ள வகைசெய்தது. கோயில்கள் தர்மகர்த்தாக்களிடமும் குழுக்களிடமும் சென்றன. பள்ளிவாசல்கள் முத்தவல்லிகளிடமும் ஜமாஅத்துகளிடமும் வந்தன. சமயம் சாராத சத்திரமும் பாலமும் அரசிடமே நின்றன. அவற்றுக்கெனப் பின்னர் ஒரு தனி வழி அமைந்தது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் சாலை, மருத்துவசாலை, அம்மைப்பால் குத்துதல், சத்திரம், தொடக்கப் பள்ளி ஆகியவற்றை உள்ளூர் நிதி வாரியங்களின் பொறுப்பாக்கியது. அதற்கென நிலவரி ரூபாய்க்கு ஓர் அணா வரை கூடுதல் வரி விதிக்கவும் இடம் தந்தது. பள்ளிகளுக்காக வீட்டுவரி வாங்கவும் அச்சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் மக்களின் வெறுப்புக்கு ஆளானதால் அவ்வரி விரைவிலேயே கைவிடப்பட்டது.

ஆகவே 1863க்குப் பின் இரண்டு பாதைகள் கிளைத்தன என்று நாம் கூறலாம். ஒன்று பள்ளிவாசலிலிருந்து ஜமாஅத்திற்கும், முத்தவல்லிக்கும், பின்னாளில் வக்ஃப் வாரியத்திற்கும் சென்ற பாதை. மற்றொன்று சத்திரத்திலிருந்து உள்ளூர் நிதிக்கும், ஜில்லா போர்டுக்கும், இறுதியில் ஊராட்சி ஒன்றியத்திற்கும் சென்ற பாதை. நம் சமுதாயம் முதற்பாதையில் விழிப்புடன் நடந்தது. 1923, 1954, 1995 ஆகிய ஆண்டுகளின் வக்ஃப் சட்டங்களையும் 2025ஆம் ஆண்டின் திருத்தத்தையும் பற்றிப் பிரிவு எண்ணோடு வாதிடக்கூடியோர் நம் மஹல்லாக்களில் உள்ளனர். இரண்டாம் பாதையில் நாம் எவ்வளவு தூரம் நடந்தோம்? நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சென்றதோ அந்த இரண்டாம் பாதையில்தான்.

போர்டு பள்ளிக்கூடம்

நகரங்களில் இம்மாற்றம் சற்று முன்னரே தொடங்கிவிட்டது. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி திண்டுக்கல் நகராட்சி 1866 நவம்பர் முதல் நாள் தோன்றியது. 2014இல் அது மாநகராட்சியாயிற்று. கிராமப்புறங்களுக்கு வழி திறந்தது ரிப்பன் பிரபுவின் 1882 மே 18ஆம் நாள் தீர்மானமாகும். உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் அல்லாதார் பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டும் என்றும், இவை மக்களுக்கு அரசியற் பயிற்சி தரும் களங்கள் என்றும் அத்தீர்மானம் கருதியது. இதனையொட்டி 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் வாரியச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று அடுக்குகள் அமைந்தன. கிராமத்துப் பள்ளிக்குப் ‘போர்டு பள்ளிக்கூடம்’ என்று பெயர் வந்தது இவ்வாறே. நம் பாட்டனார் காலத்தவர் அச்சொல்லைத்தான் கடைசிவரை வழங்கினர்.

ரிப்பன் தீர்மானம் வெளிவந்த அதே 1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவும் நியமிக்கப்பட்டது. முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவு பற்றி அக்குழு தனியே ஆராய்ந்து பரிந்துரைகள் வழங்கியது. முஸ்லிம் தொடக்கப் பள்ளிகளில் ஹிந்துஸ்தானியே முதன்மைப் பயிற்றுமொழியாக இருக்கலாம். ஆனால் எந்த ஊரிலேனும் அங்குள்ள முஸ்லிம் மக்கள் வேறு மொழியை விரும்பினால் அவ்வாறே அமைக்கலாம் என்பது அப்பரிந்துரைகளுள் ஒன்று. இவ்விதிவிலக்கின் அருமையைத் தமிழ்பேசும் முஸ்லிம்கள் எளிதில் உணரலாம். திண்டுக்கல் சமவெளியில் வாழும் இராவுத்தர் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். வட இந்திய முஸ்லிமை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட பொதுவிதியிலிருந்து அவர்களின் பிள்ளைகளைக் காக்கக்கூடியது ஒன்றுதான்: ஊரார் தம் விருப்பத்தைக் கூடிச் சொல்லுதல். ஊரார் வாய் திறவாவிடில் பொதுவிதியே அவர்கள்மீதும் நிற்கும்.

1920ஆம் ஆண்டு மூன்று சட்டங்கள் ஒருங்கே வந்தன. மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளூர் வாரியச் சட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கையை வலுப்படுத்தின. தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களை அமைத்ததுடன், உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியைக் கொணரவும் இடமளித்தது. ஊர் மன்றம் ஒன்று பள்ளிக்காக என்ன செய்ய முடியும் என்பதற்கு அவ்வாண்டே ஒரு சான்று கிடைத்தது. அதன் பொருட்டு நாம் சற்றே சென்னை நகருக்குச் செல்லவேண்டும்.

1920 செப்டம்பர் 16ஆம் நாள் கூடிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. அப்போது மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராது நின்றதே தீர்மானத்திற்குக் காரணம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிவாக்கப்பட்டது. இவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1922-23இல் 811ஆக இருந்து 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசு இசையாமையால் 1925இல் திட்டம் நின்றுபோனது. மன்றம் தீர்மானித்ததால் உணவு வந்தது. மேலிடம் மறுத்ததால் உணவு நின்றது. காமராசர் 1956இல் மாநிலம் முழுவதற்கும் கொணர்ந்த மதிய உணவுக்கும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவுக்கும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திற்கும் முன்னோடி, ஒரு நகரமன்றக் கூட்டத்தின் தீர்மானமே என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலத்தில் மன்றங்களில் நம் சமுதாயத்தவர்க்கு இடம் எவ்வாறு கிடைத்தது? முதலில் அரசின் நியமனத்தால் கிடைத்தது. 1930ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நியமனத்தை நீக்கி, முஸ்லிம்கள், கிறித்தவர்கள், ஒடுக்கப்பட்டோர், பெண்கள் ஆகியோர்க்குத் தேர்தலிலேயே இடங்களை ஒதுக்கின. விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டம் சமய அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் முஹம்மத் இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் இதற்காக வாதாடியதும், வாதம் ஏற்கப்படாததும் நாம் அறிந்தவை. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டம் சில காலம் அப்பெருந்தகையின் பெயரையே தாங்கியிருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்ட தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கிற்று. ஒதுக்கப்பட்ட இடம் போயிற்று, பெயரும் போயிற்று. எஞ்சியிருப்பது எல்லார்க்கும் பொதுவான இடம். அதில் அமர்வதற்குத் தடை ஏதும் இல்லை. வரவேண்டியது மட்டுமே நம் கடமை.

ஒன்றியப் பள்ளியும் வெற்று நாற்காலிகளும்

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் பழைய ஜில்லா போர்டு முறைக்கு முடிவு கட்டியது. 1960 அக்டோபர் தொடங்கிப் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைக்கப்பட்டன. போர்டு பள்ளிகள் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று பெயர் மாறின. ரெட்டியார்சத்திரம் போன்ற ஊர்கள் தலைமையிடங்களாயின. சத்திரம் ஒன்றியமான கதையின் கடைசிப் படி இது. பள்ளிக் கட்டடம், இருக்கை, குடிநீர், ஆசிரியர் நியமனம் என யாவற்றுக்கும் மக்கள் சென்று கேட்கக்கூடிய இடம், பேருந்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் அமைந்தது.

ஆயின் அவ்விடமும் மெல்ல மெல்ல வறண்டது. 1981 சூன் முதல் நாளிலிருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். ஊதியத்திலும் பணிப் பாதுகாப்பிலும் ஆசிரியர்களுக்கு இது பெரும் நன்மை. அதனை மறுப்பார் இலர். எனினும் பள்ளியின் பெயரில் ஒன்றியம் நிலைத்ததே தவிர, ஆசிரியர் மீதான பொறுப்பு ஒன்றியத்திடமிருந்து நீங்கியது. வாயிலிலுள்ள பெயர்ப்பலகையைக் கண்டு ஒன்றிய அலுவலகத்திற்குச் செல்லும் பெற்றோர், கல்வித்துறை அலுவலகத்திற்குச் செல்லுமாறு திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான்.

அத்துடன், மன்றங்களே பல்லாண்டுகள் இல்லாது கிடந்தன. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்த தேர்தல் 1986இல், அதற்கடுத்தது 1996இல். இருபத்தாறு ஆண்டுகளில் இடையே ஒரே ஒரு தேர்தல்! எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியில் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிர்வகித்தனர். 1992ஆம் ஆண்டின் எழுபத்து மூன்றாம் அரசமைப்புத் திருத்தமும், அதனையொட்டிய 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதைக் கட்டாயமாக்கின. 1996, 2001, 2006, 2011 எனத் தேர்தல்கள் முறையாக நடந்தன. 2016இல் நடக்கவேண்டியது 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாள் நிறைவுற, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மக்கள் பிரதிநிதியின் நாற்காலி இவ்வாறு அடிக்கடி வெறுமையாவது நம் உள்ளாட்சி வரலாற்றின் ஒரு நெடிய குறை.

பிரதிநிதி இல்லாதபோதும் நிற்காத சபைகள் இரண்டு உள்ளன. அவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

திறந்திருக்கும் இரு சபைகள்

முதலாவது கிராமசபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் இதன் உறுப்பினர்; எவரும் எவரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் இங்கு வைக்கப்படவேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டின் கணக்கு நெறி, குலத்தடையும் நிலத்தடையும் நீங்கி, ஆணும் பெண்ணும் சமமாய் அமரும் வடிவில் திரும்பி வந்திருப்பதாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு இதனை நிறுவுகிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதியளவு பெண்கள் இருத்தல் வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தலும், அரசு நிதியின் செலவைப் பார்வையிடுதலும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுத்தலும் இதன் பணிகள். 2022இல் தமிழக அரசு இக்குழுக்களைப் பெற்றோர் கூட்டங்களின் வழியே மறுகட்டமைத்தது. மதரஸாக்கள் இச்சட்டத்தின் வரம்பில் அடங்கா என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. இதைக் கொண்டு ‘இச்சட்டம் நமக்குரியதன்று’ என்று எண்ணுவோர் நம்மில் உளர். அது பிழை. மாலையில் மக்தபுக்கு வரும் அதே பிள்ளைதான் காலையில் ஒன்றியப் பள்ளிக்குச் செல்கிறது.

நாம் கண்டது

இவ்வரலாற்றை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் பழனிச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஜும்ஆ பயானுக்காக அழைக்கப்பட்டிருந்தோம். மஷ்வரா, ஷூரா ஆகியவற்றின் சிறப்பைக் குறித்து உரையாற்றினோம். திருமறையின் நாற்பத்திரண்டாம் அத்தியாயத்திற்கு ‘அஷ்ஷூரா’ என்றே பெயர் அமைந்ததையும், அகழ்ப்போரில் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனை ஏற்கப்பட்டதையும் எடுத்துரைத்தோம். தொழுகைக்குப் பின் ஜமாஅத்தின் பொதுக்கூட்டம் தொடங்கியது. பள்ளிவாசலின் முன்மண்டபத்தை நீட்டுவது பற்றி அஸர் வரை காரசாரமான விவாதம். ஏறத்தாழ ஊரின் எல்லா வீட்டு ஆண்களும் இருந்தனர். கடந்த ஆண்டின் ஒவ்வொரு செலவுக்கும் இரசீது கேட்டனர். கணக்குக் கேட்கத் தெரியாத சமுதாயம் நம்முடையதன்று என்று மகிழ்ந்தோம்.

வெளியே வந்தபோது, ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியரான முதியவர் ஒருவர் நம்மை அணுகி, “ஹஜ்ரத், ஷூராவைப் பத்தி நல்லா பயான் பண்ணீங்க. உங்க ஊர் கிராமசபைக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?” என்று வினவினார். அவர் குரலில் ஏளனம் இல்லை. நம்மிடம் விடை இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக ஷூராவின் சட்டங்களை மாணவர்க்குக் கற்பித்திருக்கிறோம். ஒருமுறைகூட நம் ஊரின் கிராமசபையில் அமர்ந்ததில்லை.

அடுத்து வந்த அக்டோபர் 2 அன்று நாம் சென்றோம். பள்ளித் தாழ்வாரத்தில் கூட்டம். வந்தோர் பதிவேட்டில் கையெழுத்திட்டனர். கணக்கு வாசிக்கப்பட்டது, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறுநாள் வேலை பற்றிய பேச்சு நடந்தது. அப்போது வேறு தெருவைச் சேர்ந்த ஒரு தாய் எழுந்து, பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை என்றும், பிள்ளைகள் அதற்கு அஞ்சியே காலையிலிருந்து நீர் அருந்தாது இருக்கின்றன என்றும் கூறினார். கூச்சம் பாராது, அஞ்சாது, கூறினார். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டது. அப்பள்ளியின் மாணவியருள் சரிபாதி நம் மஹல்லாவின் பிள்ளைகள். அவர்களுடைய தந்தையரில் ஒருவரும் அங்கில்லை; தாயரில் ஒருவரும் இல்லை. நம் பெண்மக்களின் நாணத்தையும் உடல்நலத்தையும் காக்க நம் சமயத்தவர் அல்லாத ஒரு தாய் எழுந்து பேசினார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. நமக்கோ அன்று தலைகுனிவே மிஞ்சியது.

பின்வருவோரின் பங்கு

நம் வரலாற்றில் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார். இராக்கின் சவாத் நிலங்கள் வெற்றிகொள்ளப்பட்டபோது, அவற்றைப் போரிட்டோர்க்குப் பங்கிட வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் இசையவில்லை. நிலத்தை உழுவோரிடமே விட்டு, அதன் வரியைப் பொதுநிதியாக வைத்தால்தான் பின்னே வரும் தலைமுறைகளுக்கு எஞ்சும் என்பது அவர்களின் கருத்து. ஆயினும் தம் கருத்தைக் கட்டளையாக இடவில்லை. முஹாஜிர்களிடம் கலந்தார்கள், அவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. பின் அன்ஸார்களுள் அவ்ஸ் குலத்தார் ஐவரையும் கஸ்ரஜ் குலத்தார் ஐவரையும் அழைத்துத் தம் வாதத்தை முன்வைத்தார்கள். மறுத்துரைக்கவும் இடமளித்தார்கள். அதன்பின்னரே முடிவு ஏற்பட்டது.

இதில் நாம் கருதவேண்டுவன இரண்டு. முதலாவது, அவர்கள் கூடிக் கலந்தது வழிபாட்டுக் காரியம் பற்றியன்று. நிலம், வரி, பொதுநிதி பற்றியது. பள்ளிவாசல் நிர்வாகத்திற்கு மட்டுமே மஷ்வரா என்று நாம் வரையறுத்துக்கொண்டது நம் சோம்பலால் நேர்ந்ததே அன்றி, மார்க்கத்தால் நேர்ந்ததன்று. இரண்டாவது, அங்கு இல்லாதவர்களுக்காக, இன்னும் பிறவாதவர்களுக்காக அங்கே பேசப்பட்டது. பள்ளிக்கூடமும் அத்தகையதே. இன்று நாம் கேட்டுப் பெறும் ஒரு வகுப்பறையில் நாம் அறியாத பிள்ளைகள் அமர்வர். ரெட்டியார்சத்திரத்துச் சத்திரத்தைக் கட்டியவரும் தாம் அறியாத வழிப்போக்கருக்காகவே கட்டினார்.

இதன்பொருட்டு நாம் புதிய அமைப்பு எதனையும் தோற்றுவிக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் கிராமசபை நாட்களை எழுதிவைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள நம் பெண்களின் பெயரை ஜமாஅத் அறிந்துவைத்து, கூட்டத்திற்குச் செல்ல அவர்களுக்கு ஊக்கம் தரலாம். முன்மண்டபச் செலவுக்கு இரசீது கேட்ட அதே கண்டிப்போடு பள்ளி மானியத்தின் கணக்கையும் கேட்கலாம். இமாம்கள் இதனை ஒரு ஜும்ஆவில் எடுத்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லுமுன் தாம் சென்று அமரலாம்.

2022இன் மறுகட்டமைப்புக்குப் பின், பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டங்கள் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடத்தப்பட்டு வந்தன. ஜும்ஆ முடிந்து ஓய்ந்திருக்கும் வேளை அது. தொழுகை நிறைவேறியபின் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு திருமறை ஏவுவதை நாம் அறிவோம். பெரும்பாலான நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் இடையே இரண்டு தெருக்களே உள்ளன. 1863இல் பிரிந்த இரு பாதைகளையும் மீண்டும் இணைக்க, அவ்விரு தெருக்களை நடந்து கடப்பதே போதும். தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் நம் முன்னோர் இட்ட கையொப்பம் இன்றும் அழியாதிருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியின் தீர்மானப் புத்தகத்திலும் நம் கையொப்பம் இடம்பெற வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக.